அதே ஒன்றா, அதைப் போன்றதா?

ஆங்கிலத்தில் 'சேம்' என்றொரு சிறு சொல் உண்டு. "இருவரும் சேம் பஸ்ஸில் வந்தோம்" என்றால் பேருந்து ஒன்றே. "இருவரும் சேம் புடவை கட்டியிருக்கிறோம்" என்றால் புடவை இரண்டு. ஒருமை, ஒப்புமை ஆகிய இரண்டையும் அச்சொல் சுமக்கின்றது. தமிழோ 'அதே' என்றும் 'அதே போன்ற' என்றும் பிரித்துரைக்க வல்லது.

இவ்வேறுபாடு வெறும் இலக்கணம் அன்று. 325-ஆம் ஆண்டு நிசேயாப் பொதுச்சங்கம், மகன் தந்தையோடு 'ஒரே பொருள்' என அறிக்கையிட்டது. பின்னர்ச் சிலர் அதனை 'ஒத்த பொருள்' எனத் திருத்த விழைந்தனர். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஓரெழுத்தே வேறுபாடு. அதற்காகத் திருஅவை பல்லாண்டுகள் வாதிட்டது.

"மனிதர் எல்லாரும் ஒன்றே" என்கிறோமே, அது எப்பொருளில்? பெரியபுராணம் கூறும் நந்தனார், தில்லையில் தீயில் மூழ்கி, முப்புரிநூல் அணிந்த முனிவராக எழுந்த பின்னரே கோயிலுள் புகுகிறார். பிறரைப் 'போன்றவர்' ஆகும்வரை அப்பெரும் பக்தரும் காத்திருக்க நேர்ந்தது.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1867-இல் வடலூரில் தருமச்சாலை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. விறகு மாறுகிறது, சாம்பல் அள்ளப்படுகிறது, எனினும் ஒன்றிலிருந்து ஒன்று பற்றித் தொடர்வதால் 'அதே நெருப்பு' என்கிறோம். அங்கு உண்பதற்குப் பசி ஒன்றே தகுதி. எவரைப் போலவும் ஆகவேண்டியதில்லை.

இரட்டைக் குவளை இதற்கு நேர்மாறு. தேநீர் ஒன்று, விலை ஒன்று, குவளை மட்டும் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1896-இல் 'தனித்தனியே, ஆனால் சமமாக' என்னும் கொள்கையை ஏற்றது. பள்ளிகளுக்கு அது பொருந்தாது என 1954-இல் தானே தீர்ப்பளித்தது. பிரித்தபின் எத்துணை ஒத்திருப்பினும் அது ஒருமை ஆகாது.

நம் இல்லத்தையும் நோக்குவோம். நம் உயர்மறைமாவட்டத்து எறையூரில் 2008-இல், ஒரே திருமுழுக்குப் பெற்றோரிடையே சாதி மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். தமிழகத்தில் கல்லறைத் தோட்டத்தையும் சாதியால் பிரித்த ஊர்கள் உண்டு. "இருபுறமும் ஒரே மண்தானே" என்பர். ஒத்த மண், உண்மை. ஒரே மண் என்றால் நடுவே சுவர் எதற்கு?

திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு ஓர் உடலைச் சுட்டிக்காட்டினார். அவ்வுடலில் கண் கையைப் போன்றதன்று. ஆயினும் கை நோகையில் கண் கலங்குகிறது. நாமும் ஒருவரையொருவர் ஒத்திருக்க வேண்டியதில்லை. அடுத்தவர் நோவு நம் நோவாகிறதா என்பதே நம் ஒருமைக்கு உரைகல்.