காட்டுக்கனியும் கட்டுப்பாடும்

மூணாற்றை அடுத்த மலையூர் சித்திரபுரம். 1940-இல் மின்னாக்கம் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையமும் தேயிலைத் தோட்டங்களும் சூழ்ந்த இப்பகுதியில், பிழைப்பு நாடி மலையேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலந்தள்ளும் நாமும் அவர்களுள் ஒருவரே.

கோடை வந்தால் இங்கு வேலியோரங்களில் முள்ளுப்பழம் பழுக்கும். பறவைகள் தின்றது போக எஞ்சியதைப் பிள்ளைகள் பறித்து வருவர். எம் அண்டைவீட்டு மூதாட்டி, நாம் அம்மச்சி என்றழைப்பவர், அப்பழத்தைச் சீனிச் சாடியில் இட்டு, சர்க்கரையும் ஆறிய வெந்நீரும் கிராம்பும் சிறிது ஈஸ்டும் சேர்த்துத் துணியால் வாய் கட்டுவார். நாள்தோறும் மரக்கரண்டியால் கிளறி, இருபத்தோராம் நாள் வடிகட்டிப் புட்டிகளில் அடைத்து வைப்பார். வைகாசியில் அடைத்தது மார்கழியில் தெளிந்து, கிறிஸ்துமஸ் கேக்குடன் எம் வீடு வந்து சேரும்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்தபோது, "இது சாராயமில்ல மோனே, பழச்சாறுதான்" என்றார் அம்மச்சி. புட்டியைத் திறந்தோம். எம்முடன் வாழும் அத்தை முந்தானையால் மூக்கை மூடியவாறு கொல்லைப்புறம் சென்றுவிட்டார். மாமாவைக் குடிக்குப் பறிகொடுத்தவர் அவர். ஒரே மணம் ஒருவருக்குத் திருநாளாகவும் மற்றவருக்குத் துயரமாகவும் இருப்பதை அன்று கண்டோம். அப்படியாயின் குற்றம் எங்கே இருக்கிறது? பழத்திலா, சாடியிலா, மனத்திலா?

சட்டத்தைக் கேட்டால் விடை தெளிவு. கொல்லம் ஆண்டு 1077-இல், அதாவது கி.பி. 1902 அளவில், பிறந்த அப்காரிச் சட்டப்படி உரிமமின்றி மது ஆக்குவது குற்றம். பழங்களிலிருந்து மது ஆக்கும் சிறு ஆலைகளுக்கு உரிமம் தரக் கேரள அரசு 2022-இல் விதிகள் வகுத்தது. ஆயினும் அடுக்களைச் சாடிக்கு அது பொருந்தாது. இலக்கியத்தைக் கேட்டாலோ இருகுரல் எழுகிறது. மூங்கிற்குழாயில் விளைந்த தேறலை விருந்தினர்க்கு அளித்த மலைவாழ் மக்களை மலைபடுகடாம் போற்றுகிறது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்து, பெற்ற தாயே பொறாத நிலையைச் சான்றோர் எங்ஙனம் பொறுப்பர் என்று வினவுகிறார். உண்பவன் தன்னை மறப்பதும் அருகிலிருப்போர் வருந்துவதுமே அவர் கண்ட தீமை.

சாடியும் ஒரு பாடம் கற்பிக்கிறது. இனிப்பை மதுவாக மாற்றுபவை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் என்பதை 1857 முதல் ஆராய்ந்து நிறுவினார் லூயி பாஸ்டர். அம்மாற்றத்தில் கரியமில வாயுவும் எழும். புளிக்கும் சாடியை இறுக மூடினால் அது வெடிக்கும். புளித்ததைத் திறந்தே போட்டால் காற்றுப் பட்டுக் காடியாகும். எனவேதான் அம்மச்சி முதலில் துணி கட்டுகிறார், பின்னர் புட்டியில் அடைக்கிறார். மனித ஆசைக்கும் காலமறிந்த கட்டுப்பாடே பொருந்தும் போலும்.

எனினும் சாடி அறியாத ஒன்று உண்டு. அதன் மணம் எந்த வீட்டில் நுழைகிறது என்பதை அது அறியாது. அம்மச்சியின் மனம் தூயது. அவர் சாடியில் வஞ்சமில்லை. ஆனால் ஒரு பண்டத்தின் நன்மை தீமையை ஆக்கியவர் மனம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதன் மணம் எட்டும் தொலைவில் வாழ்வோர் அனைவரும் சேர்ந்தே முடிவு செய்கின்றனர்.

மறுநாள் நன்றி கூறிப் புட்டியைத் திருப்பித் தந்தோம். அம்மச்சி எதுவும் கேட்கவில்லை. அவர் முகம் வாடியதை மட்டும் கண்டோம். அன்பை மறுத்தோமா, அத்தையைக் காத்தோமா என்னும் வினா இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. அடுத்த கோடையில் அதே முள்ளுப்பழத்தை அத்தை சர்க்கரைப் பாகில் காய்ச்சி, முதற்கிண்ணத்தை அம்மச்சி வீட்டுக்குத் தாமே எடுத்துச் சென்றார். வேலிகள் மிகுந்த இவ்வுலகில், வேலியோரம் பழுத்த கனி இரு வீட்டாருக்கும் இனித்தது. அவ்வளவே நாம் கண்ட விடை.