அடுப்பின் சாட்சியம்

பழைய பொருளைப் பழுதுபார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. அதில் அறக்கேள்விக்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். மேலைநாடுகளில் பழைய முகாம் அடுப்புகளைத் தேடி வாங்கி, பிரித்துத் துடைத்து, மீண்டும் எரியவைத்து மகிழ்வோர் பலர் உளர். என் மாமனார் நில அளவைப் பணிக்காக மலைக்காடுகளில் முகாமிட்ட நாள்களில் பயன்படுத்திய சிறிய பிரைமஸ் அடுப்பொன்று பரணிலிருந்து என் கைக்கு வந்தது. கழற்றித் தகரப்பெட்டிக்குள் அடக்கிவிடலாம். அன்றுமுதல் அக்கூட்டத்தில் நானும் ஒருவனானேன்.

1892-இல் ஸ்டாக்ஹோமில் ஃப்ரான்ஸ் லிண்ட்குவிஸ்ட் என்பவர் உருவாக்கியது பிரைமஸ். திரி கிடையாது. பம்பினால் காற்றை அடைத்தால் மண்ணெண்ணெய் மேலேறும். ஸ்பிரிட் ஊற்றி முன்னதாகவே சூடாக்கிய பர்னரில் ஆவியாகும். நிப்பிளின் மயிரிழைத் துளை வழியாகச் சீறி நீலச்சுடராக எரியும். புகையும் கரியும் இல்லாத இந்தச் சுடரை நம்பியே 1895-இல் நான்சன் வடதுருவம் நோக்கிப் பனியில் நடந்தார். 1953 மே 29 அன்று எவரெஸ்டின் கடைசி முகாமில் விறைத்துப்போன தம் காலணிகளை ஹில்லரி ஒரு பிரைமஸின் மேல் காட்டி இளக்கிய பிறகே, அவரும் டென்சிங்கும் சிகரத்துக்குப் புறப்பட்டனர்.

அடுப்பைப் பிரித்தவனுக்கு இவற்றைவிட ஸ்காட்டின் கதையே நெஞ்சில் தைக்கும். 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பிய அவருடைய குழுவினர், வழியில் சேமித்து வைத்திருந்த எண்ணெய்த் தகரங்களில் அளவு குறைந்திருக்கக் கண்டனர். மூடிகளின் தோல் வாஷர்கள் குளிரில் கெட்டுப்போய், எண்ணெய் கசிந்து ஆவியாகியிருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. அமுண்ட்செனோ தம் தகரங்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார். ஸ்காட் குழுவினரின் சாவுக்கு இது ஒன்றே காரணமன்று. ஆயினும் சுருங்கிப்போன ஒரு தோல் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது, அதை அற்பம் என்று சொல்ல நா எழவில்லை.

என் அடுப்பின் பம்ப் தோலும் அப்படித்தான் காய்ந்து கிடந்தது. எண்ணெயில் ஊறவைத்தும் பயனில்லை, புதிது வெட்டினேன். காற்றடைப்பானின் சிறு தக்கையும் உதிர்ந்துபோயிருந்ததால் அதற்குப் பதில் செயற்கை ரப்பர் வைத்தேன். இவ்விடத்தில்தான் முதல் ஐயம் எழுந்தது. ஒவ்வோர் உறுப்பாக மாற்றிக்கொண்டே போனால், எரிவது மாமனாரின் அடுப்பா, என்னுடையதா? பழுதுபார்ப்போரிடையே இது ஓயாத வழக்கு. கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்ப்போர் ஒருபுறம். பித்தளையில் படிந்த பழுப்பைக்கூடத் தொடாதோர் மறுபுறம். நான் ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன். தேய்வதற்கென்றே செய்யப்பட்ட தோலையும் வாஷரையும் மாற்றலாம். அவற்றைச் செய்தவனே அதை எதிர்பார்த்திருந்தான். கீழே விழுந்து நெளிந்த இடமும், அடியில் ஆண்டைக் குறிக்கப் பொறித்த எழுத்தும் அந்த அடுப்பின் வரலாறு. அவற்றைத் தொட எனக்கு உரிமையில்லை. (அமிலத்தில் நெடுநேரம் ஊறிய பித்தளை துத்தநாகம் இழந்து இளஞ்சிவப்பாகிவிடும் என்பதை ஒரு மூடியைக் கெடுத்தே கற்றுக்கொண்டேன்.)

இந்த விதி எனக்கு நிறைவாகவே இருந்தது, என் மனைவி அடுப்பைப் பார்க்கும்வரை.

“இதை வீட்டுக்குள்ளே பற்றவைக்காதீங்க” என்றாள். அவள் அப்பாவின் பொருள்தான். ஆயினும் குரலில் ஒரு நடுக்கம். அவள் சிறுமியாய் இருந்தபோது, அடுத்த தெருவுக்கு வாழவந்த ஒரு பெண் திருமணமான இரண்டாம் ஆண்டிலேயே எரிந்து இறந்தாள். ஸ்டவ் வெடித்தது என்றார்கள். எண்பதுகளில் நாளிதழ் படித்த எவருக்கும் இச்சொற்கள் பழகியவையே. 1986-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வரதட்சிணைச் சாவு குறித்து 304-பி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டதும் இத்தகைய சாவுகள் பெருகியதனால்தான்.

நான் தொழில்நுட்பம் பேசினேன். திருகாணியைத் திறந்தால் காற்று வெளியேறிச் சுடர் அடங்கிவிடும் என்றேன். எரியும்போதே எண்ணெய் ஊற்றினால், கலப்பட எண்ணெய் இட்டால், அடைத்த நிப்பிளைப் பின்னால் குத்தாமல் மேலும் மேலும் பம்ப் அடித்தால் விபத்து நேரும் என்பதையும் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “மாமியார் பற்றவைச்சா வெடிக்காத அடுப்பு, மருமகள் பற்றவைச்சா மட்டும் வெடிச்சுதே, அது எப்படிங்க?”

அக்கேள்விக்கு என் விதியில் இடமில்லை. நெளிவையும் எழுத்தையும் வரலாறு என்று காத்தவன் நான். ஆனால் நான் விரும்பிக் காத்தது துருவப் பனியையும் சிகரத்தையும் மாமனாரின் கூடாரத்தையும் மட்டுமே. பித்தளையில் தடம் பதியாத இன்னொரு வரலாறு, நான் தேடாமலே தேய்த்து அகற்றப்பட்டிருந்தது. அடுப்பு குற்றம் செய்யவில்லை என்பது உண்மை. பேச இயலாத அதன்மீது மனிதர் தம் குற்றத்தை ஏற்றிப் பொய்ச்சாட்சி சொல்லவைத்தனர். அப்படியாயின் அதைப் பழுதுநீக்கி ஒழுங்காக எரியவைப்பது அந்தப் பொய்யை மறுப்பதும் ஆகுமல்லவா? இவ்வாறு எனக்குள் வாதிட்டுக்கொண்டேன். வாதம் தவறன்று என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தெருவில் நின்று பார்த்த ஒருத்தியிடம் அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதில்தான் தெளிவில்லை.

பிறகு அவளே ஒருநாள், மொட்டைமாடியில் வேண்டுமானால் ஏற்றிப்பாருங்கள் என்றாள். ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, பத்துமுறை பம்ப் அடித்தேன். நீலச்சுடர் இரைச்சலோடு எழுந்தது. நல்ல சுடர். தேநீர் கொதித்து இறக்கும்வரை அவள் படிவாசலிலேயே நின்றிருந்தாள். நான் திருகாணியைத் திறந்து, காற்று முழுதும் வெளியேறி இரைச்சல் ஓய்ந்த பிறகே உள்ளே போனாள்.