ராசியான கை

 

கடைக்காரர்களாகிய நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. காலையில் போணி செய்தவரின் கை ராசியான கையென்றால் அன்று கல்லா நிறையும் என்போம். ஒருவன் வியாபாரம் ஓங்கினால் நஸீபு உள்ளவன் என்போம். நொடித்துப் போனாலோ, அவன் நஸீபு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு நம் ஜோலியைப் பார்க்கப் போய்விடுவோம். இந்த இரண்டாவது பேச்சுதான் ஆபத்தானது.

622-ல் மக்காவை விட்டு வெறுங்கையோடு மதீனா வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபு (ரலி) அவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள், மதீனாவாசியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்கு அன்னாரைச் சகோதரராக்கி வைத்தார்கள். ஸஅத் அவர்கள் தம் சொத்தில் சரிபாதியைக் கொடுக்க முன்வந்தார்கள். வந்தவரோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டார்கள். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுப் பெரும் தனவந்தரானார்கள். நம் தொழிலுக்கு இதைவிட மேலான சிபாரிசு வேண்டுமா!

ராசியான கை என்றுதான் நாம் சொல்லியிருப்போம். அவர்கள் அப்படி எண்ணவில்லை. பிற்காலத்தில் நோன்பு நோற்றிருந்த ஒரு நாள் அவர்கள் முன் உணவு வைக்கப்பட்டது. உஹதுப் போரில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்துவிட்டது. செல்வக் குடும்பத்தில் பிறந்து எல்லாவற்றையும் துறந்து வந்த அவர்களுக்குக் கபனிடக் கிடைத்தது ஒரே ஒரு போர்வை. தலையை மூடினால் கால் தெரியும், காலை மூடினால் தலை தெரியும். தம்மிலும் மேலானவர் அப்படிப் போய்விட, தமக்கு மட்டும் கூலி இவ்வுலகிலேயே கொடுத்து முடிக்கப்பட்டதோ என்று அஞ்சி அழுதார்கள். உணவைத் தொடவில்லை. பாதிச் சொத்தைத் தரவந்த ஸஅத் அவர்களும் 625-ல் நடந்த அதே உஹதில்தான் ஷஹீதானார்கள்.

இந்த அழுகை நமக்கு 2020-ல்தான் விளங்கியது. மார்ச் 18-ல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மளிகைக் கடை திறக்கலாம், முடிதிருத்தும் கடை கூடாது என்றார்கள். நம் வாசலில் அரிசிக்கும் மாவுக்கும் வரிசை நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று கல்லாவை எண்ணினோம். பக்கத்துக் கடை முடிதிருத்துபவரின் பூட்டைத் தினமும் பார்த்தோம். அவர் நஸீபு என்று நம் வாயாலேயே சொன்னோம்.

ஐந்தாவது வாரம், வீட்டில் சொல்லித்தான், பத்துக் கிலோ அரிசியும் ஒரு போத்தல் எண்ணெயும் எடுத்துக்கொண்டு அவர் தங்கியிருந்த மாடிக்குப் போனோம்.

"வாங்க பாய்" என்றவர் மூட்டையைப் பார்த்தார். "எனக்கு இன்னும் நாலு நாளைக்கு இருக்கு பாய். எதிர் அறையில பங்களாதேஷ் பிள்ளைங்க ஆறு பேர் நேத்திலேருந்து வெறும் ரொட்டி. அங்கே குடுத்துடுங்க" என்றார்.

தனக்கே தேவையிருக்கப் பிறரை முற்படுத்துவதுதான் ஈஸார் என்று மதரஸாவில் உஸ்தாது சொல்லித் தந்திருக்கிறார். அன்ஸாரிகளை அல்லாஹ் புகழ்ந்தது அந்தக் குணத்துக்காகத்தான். சிறு வயதில் ஓதிய அதை, நம் மார்க்கத்தைச் சேராத ஒருவரின் வாசலில் நின்று, அதுவும் ஐந்து வாரம் தாமதித்துப் பார்த்தோம்.

ஜூன் 10-ல் முடிதிருத்தும் கடைகளுக்கு அனுமதி வந்தது. வாடகைப் பாக்கி ஏறிவிட்டதால் அவர் திறக்கவில்லை. பிறகு ஊருக்கே போய்விட்டார். அந்த இடத்தையும் நாமே எடுத்து, நடுச்சுவரை இடித்துக் கடையைப் பெரிதாக்கினோம். வருகிறவர்கள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "பாய்க்கு நல்ல ராசி" என்கிறார்கள். நமக்கு இன்னும் பதில் சொல்ல வாய் வரவில்லை.