அரண்டவன் கண்ணுக்கு

ஓர் அரசாங்கத்துக்குள் அந்நிய நாட்டு உளவாளி புகுந்துவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? சினிமாவில் வருகிற மாதிரி துரத்தலெல்லாம் அபூர்வம். பெரும்பாலும் கணக்குப்பிள்ளை வேலைதான். கசிந்த ரகசியம் யார் யார் கண்ணில் பட்டது, வரவுக்கு மேல் செலவழிப்பது யார் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வருவார்கள்.

சி.ஐ.ஏ.வில் இருந்துகொண்டே சோவியத் யூனியனுக்கு உளவு சொன்ன ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1994-ல் சிக்கியது இப்படித்தான். சோவியத் தூதரக அதிகாரியோடு அவர் சாப்பிடப் போன தேதிகளையும், பேங்க்கில் பணம் கட்டிய தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜோடி சேர்ந்தது. இத்தனைக்கும் மனிதர் பொய் கண்டறியும் சோதனையில் இரண்டு தடவை பாஸானவர்!

ஏம்ஸ் உள்ளே போன பிறகும் கணக்கு இடித்தது. அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத சில ரகசியங்களும் மாஸ்கோ போயிருந்தன. இன்னொருவன் இருக்கிறான். எஃப்.பி.ஐ. கழித்துக் கழித்து வந்து நின்ற பெயர், ப்ரையன் கெல்லி. சி.ஐ.ஏ. அதிகாரி.

இங்கேதான் விஷயம் வேறு மாதிரி போகிறது. கெல்லியின் வீட்டை ரகசியமாகச் சோதித்தார்கள். பூங்கா ஒன்றின் வரைபடம், அதில் நேரக் குறிப்புகள். ‘ஆஹா, ரகசியம் கைமாற்றும் இடம்!’ என்றார்கள். அது அவர் ஜாகிங் போகிற பாதை. பொய் கண்டறியும் சோதனை வைத்தார்கள். பாஸானார். ‘பயிற்சி எடுத்தவன், அதான்’ என்றார்கள். அந்நிய உச்சரிப்பில் பேசும் ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பி, ‘மாட்டிக்கொண்டீர்கள், தப்பித்துப் போங்கள்’ என்று சொல்லவைத்தார்கள். கெல்லி மறுநாளே போய்ப் புகார் கொடுத்தார். ‘பொறி என்று மோப்பம் பிடித்துவிட்டான், கில்லாடி!’

கவனித்தீர்களா? சோதனையில் தோற்றிருந்தால் உளவாளி. ஜெயித்தால் கைதேர்ந்த உளவாளி. பாவம், அந்த மனிதர் வேறு என்னதான் செய்ய முடியும், சொல்லுங்கள்!

1999-ல் அவரை வேலையிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். பெற்ற பிள்ளைகளிடமே போய், ‘உங்கள் அப்பா உளவாளி’ என்று விசாரித்தார்கள்.

2000-ல் பெரும் பணம் கொடுத்து, ரஷ்ய உளவுத் துறையின் கோப்பு ஒன்றை வாங்கினார்கள். அதில் ஓர் ஒலிநாடா. கெல்லியின் குரலை எதிர்பார்த்துப் போட்டுக் கேட்டால், குரல் எஃப்.பி.ஐ.யின் சொந்த ஆள் ராபர்ட் ஹான்ஸனுடையது! 2001 பிப்ரவரியில் கைதானார். கால் நூற்றாண்டு சர்வீஸில் அவருக்கு ஒரு தடவைகூட அந்தப் பொய் சோதனை வைத்ததில்லை. ‘நம்ம ஆளாச்சே!’

ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து தெளிந்த பின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்கிறார் வள்ளுவர். எஃப்.பி.ஐ. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தது.

‘தேசப் பாதுகாப்புக்காக ஒரு நிரபராதி கொஞ்சம் கஷ்டப்பட்டால்தான் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நாட்டுக்கு ஏதாவது லாபம் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கு ஓர் அர்த்தம் உண்டு. கெல்லிக்குக் காவல் போட்டிருந்த அதே 1999-ல்தான் ஹான்ஸன் நிம்மதியாக ரஷ்யர்களோடு மறுபடி தொடர்பு கொண்டார். தப்பான ஆள்மேல் வைத்த ஒவ்வொரு கண்ணும் சரியான ஆள்மேலிருந்து எடுத்த கண்.

எஃப்.பி.ஐ. பிறகு மன்னிப்புக் கேட்டது. கெல்லியும் வேலைக்குத் திரும்பினார். பிள்ளைகள் அந்த வார்த்தையைக் கேட்ட நாளை யார் திருப்பித் தருவது?

சந்தேகப்படாமல் எந்த அரசாங்கமும் நடத்த முடியாது. ஆபீஸும் குடும்பமும்கூட அப்படித்தான். ஆனால், சந்தேகப்படும்போதே ஒரு கேள்வியையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: ‘இவர் என்ன செய்துகாட்டினால் நான் நம்புவேன்?’

அதற்குப் பதில் இல்லையென்றால், நீங்கள் விசாரிக்கவில்லை. தீர்ப்பு எழுதி முடித்துவிட்டு சாட்சி தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.