பழுது நீக்கிய படைக்கலம்

பழுதுபட்டதைச் செப்பனிடுதல் நற்செயல் என்பதை மறுப்பாரில்லை. ஓட்டைக் குடத்தை ஈயம் வைத்து அடைப்பவனையும், மழுங்கிய பால்வெட்டுக் கத்தியைத் தீட்டித் தருபவனையும் உலகம் போற்றுகிறது. ஆனால், துருவேறிய பழைய கைத்துப்பாக்கியைச் செப்பனிட்டு, குறிபார்த்துச் சுடும் பொழுதுபோக்குக்கு உரியதாக்குவோனும் அதே நற்செயலைத்தான் செய்கிறானா?

வேலையளவில் அஃது அருமையான தொழிலே. நம் நாட்டு ஈரக்காற்று இரும்புக்குப் பகை. பழந்தோட்டாக்களின் வெடியுப்பு குழலினுள் தங்கி, ஈரத்தை ஈர்த்து, உட்புறத்தை அரித்துவிடும். துருவை எண்ணெயிட்டு மெல்லத் தேய்த்து அகற்றவேண்டும்; தளர்ந்த சுருள்வில்லை மாற்றவேண்டும்; செய்தோன் பொறித்த முத்திரையை மட்டும் தேய்த்துவிடலாகாது. துருவைப் போக்கலாம், வரலாற்றைப் போக்கலாகாது.

அவ்வரலாறோ எளிதன்று. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன் கையிலிருந்தது பெல்ஜிய நாட்டுப் பிரௌனிங் கைத்துப்பாக்கி. 1914 ஜூன் 28-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று உலகப் பெரும்போருக்கு வித்திட்டதும் அவ்வினமே. அஃது இன்று வியன்னாவின் படைவரலாற்றுக் காட்சிசாலையில் வாய் மூடிக் கிடக்கிறது.

“இரும்பு என்ன பாவம் செய்தது? செய்தவன் மனிதனல்லனோ?” என்பாருமுளர். உண்மையே. இரும்புக்குப் பாவமில்லையெனின், பாவம் முழுதும் கையாளுவோன் தலையில் வந்து விழுகிறது. இவ்வாதம் துப்பாக்கியை விடுவிக்கிறது, நம்மை விடுவிக்கவில்லை.

குடத்தை அடைத்தவன் தண்ணீரைத் திருப்பித் தருகிறான். துப்பாக்கியைச் செப்பனிட்டவன் கொல்லும் ஆற்றலைத் திருப்பித் தருகிறான். ஆற்றலைத் தருவோன் அதற்குக் காவலையும் தரக் கடமைப்பட்டவன். சுடுவிசையைச் சீராக்குமுன் காப்புத் தாழைச் சீராக்குக. உரிமமும் பூட்டும் தேடுக. குறிப்பலகையன்றிப் பிறிதொன்றை நோக்காதிருக்க. சினத்தை அடக்க அறியாதவன், உருவத்தை மட்டும் புதுக்கி, சுடும் ஊசியைக் கழற்றி வைப்பதே அறிவுடைமை.

சுங்கை லாலாங் முதலிய கெடாத் தோட்டப்புறங்களில் வாழ்வோர்க்கு இது புதிய பாடமன்று. 1948-இல் வந்த அவசரகால விதிகள், அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்தினோர்க்குத் தூக்குத் தண்டனை வகுத்தன. 1971-ஆம் ஆண்டுச் சட்டமோ, சட்டவிரோதமாக வைத்திருப்போர்க்கு 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கிறது.

எனினும், தண்டனைக்கு அஞ்சி அடங்குதல் வேறு. அறமறிந்து அடங்குதல் வேறு. வள்ளுவர் படைமாட்சிக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கொல்லாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கொல்லாமையை முதலிற் கற்றவனே படைக்கலத்தைத் தொடத் தக்கவன்.