முகப்பில் எழுதிய எண்

தூத்துக்குடித் துறைமுகத்தில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர், கடலில் மூழ்குவோர் அணியும் கைக்கடிகாரம் ஒன்றைத் தாமே பூட்டியிருக்கிறார். உள்ளே ஓடும் இயந்திரம் சீகோவின் என்.எச். 35, எஃகுக் கூடு, முள், முகப்பு, சுழல்வளையம் யாவும் வெவ்வேறு இடங்களில் மாதக்கணக்கில் சேர்த்தவை. அழகிய வேலை. முகப்பில் ‘200 மீட்டர்’ என்றிருந்தது.

“யார் சோதித்தது?” என்றோம்.

“முகப்பு அப்படித்தான் வந்தது, ஹஜ்ரத்.”

அவர் கையில் இருக்கும்வரை அதில் நாம் குறை காணவில்லை. ஆனால் சங்கு குளிக்கும் நண்பரொருவர் அதை விலைக்குக் கேட்கிறாராம்.

அறிந்த குறையை விற்பவன் மறைக்கலாகாது என்பது ஃபிக்ஹின் பாலபாடம். இங்கோ குறை உண்டா என்பதே தெரியாது. அறியாததைச் சொல்லாதிருப்பதும் மோசடியாகுமா? அவர் வாய் பேசாவிடினும் முகப்பு பேசுகிறதே! ஐ.எஸ்.ஓ. 6425 என்னும் நியதிப்படி இவ்வகைக் கடிகாரம் ஒவ்வொன்றையும், குறித்த அழுத்தத்தினும் கால்பங்கு கூட்டிச் சோதித்தாக வேண்டும். “இருபது மீட்டர்தானே இறங்குவார்” என்பது வீண் சமாதானம். ரப்பர் வளையம் சரியாக அமராவிடில் இரண்டு மீட்டரிலேயே நீர் புகும். குழாய்க் காற்றில் நெடுநேரம் கீழே இருப்பவருக்கு நேரக்கணக்குப் பிசகினால் உடலே முடங்கிவிடும்.

இக்கரையில் 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, கல்லைப் பற்றி மூச்சடக்கி இறங்கியவரின் உயிர், படகில் கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. மனைவியின் உடன்பிறந்தானையே அதற்கு நிறுத்துவர் என்பார்கள். தன் சகோதரி விதவையாக எவன் விடுவான்! அந்தக் கயிறு அமானிதம். இந்த எண்ணும் அதுவேயன்றோ?

மாணவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு எண்ணில்லாத முகப்பொன்று தேடுவதாகக் கூறிப் பின்மூடியைத் திருகலானார். நண்பரிடம் இன்னும் சொல்லவில்லையாம்.