கப்பலின் அடித்தட்டு



நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாகக் கூறினார்கள். தண்ணீருக்காக மேலே போய்ப் பிறருக்குத் தொல்லை தர வேண்டாமே என்று அடித்தட்டினர் தங்கள் பகுதியில் ஓட்டையிட நினைக்கிறார்கள். மேல்தட்டினர் கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். புகாரி ஷரீபில் வரும் ஹதீஸ் இது.

இன்று நிலைமை தலைகீழ். ஓட்டைக்குக் காரணமானவர்கள் மேல்தட்டில். வெள்ளம் முதலில் சூழ்வதோ அடித்தட்டினரை! செல்வ நாடுகள் எரித்த நிலக்கரியாலும் எண்ணெயாலும் பூமி சூடேறுகிறது, சூடான கடல் மிகுந்த நீராவியைத் தருகிறது, மழை பேய்மழையாகிறது. 2022-ல் பாகிஸ்தான் வெள்ளத்தில் 3 கோடியே 30 லட்சம் மக்கள் அல்லலுற்றனர். உலகத்தார் வெளியிடும் புகையில் அந்நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. நம் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறக்க முடியுமா?

வெள்ளம் வந்தபின் சோறு பொங்கிக் கொடுப்பது நம் ஜமாஅத்துகளுக்குக் கைவந்த நற்செயல், அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் அது இஹ்ஸான், உபகாரம். வாரந்தோறும் ஜும்ஆ குத்பாவின் முடிவில் நாம் கேட்கும் சூரா நஹ்லின் 90-ம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா உபகாரத்தை ஏவுவதற்கு முன்பே நீதியை ஏவுகிறான். சோற்றுப் பொட்டலம் நீதிக்கு ஈடாகுமா?

எனவே மஹல்லா பைத்துல்மால்கள் மழைக்கு முன்பே எழ வேண்டும். பள்ளத்தில் குடியிருக்கும் விதவைகள், முதியோர், நோயாளிகள் யார் யார்? அவர்களை மேட்டுக்கு அழைத்து வரும் பொறுப்பு யாருக்கு? பட்டியல் எழுதி வைப்போம். அதில் மாற்று மதத்து அண்டை வீட்டாரையும் சேர்ப்போம். அண்டை வீட்டார் உரிமைக்கு மதம் தடையில்லை. பள்ளிவாசல் மாடியை அவர்களுக்காகத் திறந்து வைப்போம்.

நீரோடையை மறித்துக் கட்டியவர் ஜமாஅத்தின் பெரும் புள்ளியாயினும், அவர் கையைப் பிடித்துத் தடுப்போம். கசப்பான வேலைதான்! ஆயினும் கப்பல் ஹதீஸ் கேட்பது இதைத்தானே?

ஒரு மஸ்அலாவை மறக்கலாகாது. ஜகாத் அதற்கு உரியவர்களின் கைக்கே சேர வேண்டிய ஹக்கு. குளம் தூர்வார, வாய்க்கால் வெட்ட ஸதக்காவையும் அதற்குரிய வக்பு வருமானத்தையும் பயன்படுத்துவோம். ரூமா கிணற்றை வாங்கி மக்களுக்கு அர்ப்பணித்த உதுமான் (ரலி) அவர்கள் நமக்கு முன்மாதிரி.

நம் வீட்டிலிருந்தும் தொடங்குவோம். ஒரு முத்து, அதாவது இரு கையளவுத் தண்ணீரில் நபி (ஸல்) அவர்கள் ஒளூச் செய்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

நீதியாளர்களின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன்.